நரம்பு பிசகலை சார், சதை கிழிஞ்சிருக்கு

காலை ஐந்தே முக்காலுக்கு ஷட்டில் ஆட வருகிறவர்களில் பாதிப் பேர் தொப்பையைக் குறைக்க வருகிறவர்கள், மீதிப் பேர் வீட்டில் இருந்து ஒரு மணி நேரம் தப்பிக்க வருகிறவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி. வயது நாற்பத்து நான்கு. கையைக் காலை இரண்டு உதறு உதறிவிட்டு நேராகக் கோர்ட்டுக்குள் இறங்குகிற ரகம்.

அன்று மூன்றாவது ஆட்டம். எதிரில் நின்றவர் நெட்டை ஒட்டி ஒரு டிராப் போட, பின்கோட்டில் நின்றிருந்த நான் இடது காலை உந்தி முன்னால் பாய்ந்தேன். பாய்ந்த அந்த நொடியில் கெண்டைக்காலில் யாரோ கல்லை விட்டெறிந்தது போல ‘டப்’ என்று ஒரு அடி. கோபமாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பையன், “பேட்ல கட் அறுந்துருச்சாண்ணே?” என்று கேட்டான். அவனுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. நான் பேட்டைப் பார்த்தேன், கட் என்கிற அந்த இழை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு அடி எடுத்து வைத்தேன், உட்கார்ந்துவிட்டேன்.

இந்த அடி பட்டவர்கள் பலரும் முதலில் திரும்பித்தான் பார்ப்பார்களாம். யார் அடித்தது என்று. பின்னாளில் தெரிந்துகொண்டேன்.

சுற்றி நின்ற எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னது: “நரம்பு பிசகிருச்சு.” நம் ஊரில் முழங்காலுக்குக் கீழே எது போனாலும் அது நரம்புதான். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு தெரிகிறதே, அது நரம்பு. துணிக்கடையில் வேலை பார்த்து என் அக்காவுக்குக் காலில் பச்சையாகப் புடைத்துக்கொண்டிருப்பது நரம்புச் சுருட்டல். கால் மரத்துப் போனால் நரம்பு. வீணையில் கட்டியிருப்பதும் நரம்பு. சதையை எலும்போடு கட்டும் தசைநாண், ரத்தக்குழாய், உண்மையான நரம்பு என்று மூன்றையும் ஒரே சொல்லில் மடக்கிப் போட்டுக்கொண்டு நூற்றாண்டுகளாகச் சமாளித்து வருகிறோம். குறை சொல்லவில்லை. கிரேக்கர்களும் அப்படித்தான் இருந்தார்கள், இன்றைக்கு ‘நியூரான்’ என்று நாம் சொல்கிற சொல் அவர்களிடம் முதலில் தசைநாணைத்தான் குறித்தது. ஆனால் அந்த ஒரு சொல்லால் எனக்கு மூன்று வாரம் கூடுதலாக நொண்ட வேண்டி வந்தது.

நரம்பு பிசகினால் என்ன செய்ய வேண்டும்? நீவி விட வேண்டும். கோர்ட்டில் இருந்து பைக்கில் பின்னால் உட்கார்த்தி என்னை நேராகச் சுளுக்கு எடுக்கும் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார்கள். நல்ல மனிதர், காசைக்கூடக் கேட்டு வாங்க மாட்டார். நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கெண்டைக்காலில் ஊற்றி, கட்டைவிரலை அழுத்திக் குதிகாலில் இருந்து மேல்நோக்கி ஒரு இழு இழுத்தார் பாருங்கள், எனக்கு அப்பன் பாட்டன் எல்லாரும் வந்து போனார்கள். “உருண்டு கெடக்குல்ல, அதான் தம்பி முடிச்சு. கரைச்சுடலாம்” என்று அந்த உருண்டையையே குறிவைத்து மூன்று நாள் தேய்த்தார். அது முடிச்சு இல்லை, கிழிந்து மேலே சுருண்ட சதையும் அதைச் சுற்றி உறைந்த ரத்தமும். புதிதாகக் கிழிந்த சதையைப் போட்டுப் பிசைந்தால் உள்ளே கசிவது இன்னும் கொஞ்சம் கசியும். நான்காம் நாள் கரண்டைக்காலைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வளையம். அடிபட்டது மேலே, கறுத்தது கீழே. அம்மா பயந்துவிட்டார். மேலே கசிந்த ரத்தம் சதை இடுக்குகள் வழியாகத் தானாகக் கீழே வடிந்து தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் அன்று அது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எலும்பு டாக்டர், ஸ்கேன் எல்லாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் ஸ்கேன் சதைக்காக மட்டும் எடுப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆழமான சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்களில், ரத்தம் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அது கிளம்பி நுரையீரலுக்குப் போனால் ஆளையே முடித்துவிடும். எனக்கு அது இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு வரி சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

பிசியோதெரபிஸ்ட் இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண். நான் “நரம்பு பிசகிருச்சும்மா” என்று ஆரம்பித்ததும், “நரம்பு பிசகலை சார், சதை கிழிஞ்சிருக்கு. குப்புறப் படுங்க” என்றார். பாதம் இரண்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி படுக்க வைத்து, நல்ல காலின் கெண்டையை ஒரு பிடி பிடித்தார். பாதம் தானாக ஒரு தலையசைப்பு போலக் கீழே ஆடியது. பிறகு அடிபட்ட காலை, மெதுவாக. வலித்தது, ஆனால் பாதம் ஆடியது. “தப்பிச்சீங்க, குதிகால் கயிறு முழுசா இருக்கு. அது அறுந்திருந்தா நான் எவ்ளோ பிழிஞ்சாலும் பாதம் சும்மா தொங்கும்.” கருவி இல்லை, கரண்ட் இல்லை, இரண்டு விநாடி. தாம்சன் சோதனை என்று பெயராம்.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்தப் பதிவுக்கே காரணம். மேசையில் இருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து என் காலிலேயே படம் போட ஆரம்பித்தார். முழங்கால் மடிப்புக்கு மேலே, தொடை எலும்பு முடிகிற இடத்தில், இடம் வலமாக இரண்டு புள்ளிகள். அங்கே இருந்து இரண்டு கொழுத்த முட்டைகள் கீழே இறங்கி வருகின்றன, உள்பக்க முட்டை கொஞ்சம் பெரிது, கொஞ்சம் கீழே வரை வருகிறது. இரண்டும் சேர்ந்தது காஸ்ட்ராக்னீமியஸ். அந்த உள்பக்க முட்டையின் கீழ் ஓரத்தில், சதை முடிந்து நாண் ஆரம்பிக்கும் எல்லையில், ஒரு பெருக்கல் குறி. “இங்கதான் சார் கிழிஞ்சது. எல்லாருக்கும் இங்கதான் கிழியும்.”

பிறகு வேறு நிறப் பேனாவை எடுத்து, அதே இடத்தில், அடியில் இன்னொரு சதையைப் போட்டார். முழங்காலுக்குக் கீழே ஆரம்பிக்கிறது, தட்டையாக, அகலமாக, முட்டைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. சோலியஸ். இரண்டும் கீழே போய் ஒரே நாணில் சேர்ந்து குதிகால் எலும்பைப் பிடிக்கின்றன.

எனக்கு இது செய்தி. நாற்பத்து நான்கு வருஷமாக அது ஒரே சதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஆடுசதை என்றால் ஆட்டுச் சதை மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்றுகூட நினைத்திருந்தேன், ஆடுகிற சதை என்று உறைக்கவே பல வருஷம் ஆனது. கெண்டைக்கால் என்ற பெயரைப் பாருங்கள், கெண்டை மீன் போல நடுவில் பருத்து நுனியில் சிறுத்திருக்கிறது என்று வைத்தவன் என்ன கண் வைத்திருந்தான். சோலியஸ் என்பது லத்தீனில் செருப்பைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது, அதே சொல்லைத் தட்டையான ஒரு கடல்மீனுக்கும் வைத்திருக்கிறார்கள். ஆக மேலே ஒரு கெண்டை, அடியில் ஒரு தட்டை மீன். இரண்டும் ஒரே தூண்டிலில்.

சரி, இரண்டு சதை இருந்தால் என்ன என்று கேட்கலாம். விஷயம் முழங்காலில் இருக்கிறது. மேலே உள்ளது முழங்காலைத் தாண்டிப் போய்த் தொடை எலும்பைப் பிடித்திருப்பதால் அது இரண்டு மூட்டுக்கு வேலைக்காரன். முழங்கால் நீட்டியிருந்தால்தான் அது விறைப்பாக இருக்கும். மடக்கினால் தளர்ந்து தொங்கிவிடும், அப்போது பாதத்தை அழுத்துகிற வேலை பெரும்பாலும் சோலியஸ் தலையில். நெட்டுக்குப் பாய்ந்த நொடியில் நான் செய்தது என்ன? முழங்காலை நீட்டினேன், அதே நேரம் கணுக்கால் மடங்கிய நிலையில் தரையை உதைத்தேன். மேல்சதை இரண்டு முனையிலும் இழுபட்டபடி, சுருங்கவும் முயன்றிருக்கிறது. துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு வெட்டு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இரவில் கெண்டை பிரட்டுவதும் பெரும்பாலும் இந்தச் சதைதான். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டு, சதை ஏற்கனவே சுருங்கிக் கிடக்கும்போது இன்னும் ஒரு சுருக்கு போட்டால் அலறிக்கொண்டு எழுந்திருப்போம். எங்கள் அம்மா ஓடி வந்து பெருவிரலைப் பிடித்து மேல்நோக்கி இழுப்பார், அரை நிமிஷத்தில் விட்டுவிடும். பெருவிரலில் ஏதோ நரம்பு இருக்கிறது என்பது அம்மாவின் விளக்கம். விரலை இழுக்கும்போது பாதம் முகத்தை நோக்கி மடங்குகிறது, கட்டிக்கொண்ட சதை நீள்கிறது. விளக்கம் தப்பு, வைத்தியம் சரி. முழங்காலை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு இழுத்தால் இன்னும் சீக்கிரம் விடும், இப்போது அம்மாவுக்கு நானே அப்படித்தான் இழுத்து விடுகிறேன்.

இந்த இரண்டு சதைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது, பிளான்டாரிஸ். முழங்காலுக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு துளி சதை, அதில் இருந்து குதிகால் வரை நூல் மாதிரி ஒரு நீள நாண். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதே இல்லை, இல்லாதவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிணத்தை அறுத்துப் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு நரம்பு, நரம்பு என்று கூப்பாடு போடுவார்களாம், அதனால் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குப் புதுப்பயல் நரம்பு என்கிற மாதிரி ஒரு கேலிப் பெயரே உண்டு. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு திருப்தி. டாக்டருக்குப் படிக்கிறவர்களே நாணைப் பார்த்து நரம்பு என்கிறார்கள், எங்கள் பெரியவர் சொன்னதில் என்ன பெரிய தப்பு? இன்னொரு கூத்தும் உண்டு. என்னுடைய இந்த அடிக்கு 1880களிலேயே ‘டென்னிஸ் கால்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அறுந்தது இந்தப் பிளான்டாரிஸ் நூல்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் வந்து உள்ளே பார்த்தபோதுதான் பெரும்பாலும் கிழிந்திருப்பது மேல்சதையின் உள்பக்க முட்டை என்று தெரிந்தது.

மார்க்கர் கோடுகளோடுதான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் குளித்தும் போகவில்லை. மகள் நாலாம் வகுப்பு, காலைப் பார்த்துவிட்டு, “கறிக்கடையில ஆட்டுக்கால்ல சீல் குத்தியிருப்பாங்களே, அந்த மாதிரி இருக்குப்பா” என்றாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போனபோது அது ஞாபகம் வந்து, முதல் முறையாகத் தொங்குகிற ஆட்டை ஒழுங்காகப் பார்த்தேன். பின்னங்காலில் பின்னோக்கி மடங்கி இருக்கிறதே ஒரு மூட்டு, அதை ஆட்டின் முழங்கால் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அது முழங்கால் இல்லை, கணுக்கால். அந்தக் கூரான பின்முனைதான் ஆட்டின் குதிகால். ஆடு வாழ்நாள் முழுக்க நுனிவிரலில் நிற்கிற பிராணி. பாய் கத்தியால் குதிகாலுக்கு மேலே, நாணுக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு கீறல் போடுகிறார், அதில் கொக்கியை நுழைக்கிறார், மொத்த ஆடும் அந்த நாணில் தொங்குகிறது. பதினைந்து கிலோவோ இருபது கிலோவோ, மத்தியானம் வரைக்கும். “இது அறுந்து விழுந்திருக்கா பாய்?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எலும்பு உடையும், இது அறாதுண்ணே” என்றார்.

நம் குதிகாலிலும் அதே இடத்தில் அதே இடைவெளி இருக்கிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துக் கிள்ளிப் பாருங்கள். அக்கிலிஸ் நாண். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், உடம்பிலேயே தடிமனானது, பலமானது. ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு இழுவையை அசராமல் தாங்கும். அது நேராக இறங்குவதில்லை, இழைகள் திருகியபடி இறங்குகின்றன, வடக்கயிறு திரித்தது போல. அப்படி இருந்தும் அறுகிறது, அறுகிற இடம் பெரும்பாலும் குதிகாலில் இருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, ரத்த ஓட்டம் கம்மியான பகுதியில். குதிகாலைத் தவிர எங்கே அடித்தாலும் சாகாத அந்தக் கிரேக்க வீரன் பெயரை இதற்கு நிலைக்கச் செய்தவர் பிலிப் வெர்ஹேயன் என்ற உடற்கூறியல் ஆசிரியர், 1693இல் வெளிவந்த தன் நூலில். அவருக்கே ஒரு கால் கிடையாது, மாணவராக இருந்தபோது வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. ஒற்றைக் காலோடு உட்கார்ந்து குதிகால் நாணைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு வீட்டில் மூன்று வாரம் சும்மா உட்காரவே எரிச்சலாக இருந்தது.

சோலியஸுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. மேல்சதை பாய்ச்சலுக்கு, குதிப்புக்கு, சண்டைக்கு. சோலியஸ் அலுக்காத உழைப்பாளி, அதன் இழைகளில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிற வகை. நாம் நிற்கும்போது உடம்பின் பாரம் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது, விட்டால் முகம் குப்புற விழுவோம். விழாமல் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பது முக்கியமாக இதுதான். பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கிறோம் என்கிறோமே, அது சும்மா இல்லை. அரைமண்டியில் உட்கார்ந்து அடவு செய்கிற குழந்தைகளைப் பார்க்கும்போது இப்போது எனக்குச் சோலியஸ்தான் கண்ணில் படுகிறது. முழங்கால் மடங்கியதும் மேல்சதை கழன்றுகொள்ள, பெரும்பாலும் அதுதான் கிடந்து உழைக்கும்.

அது இன்னொரு வேலையும் பார்க்கிறது. காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்கு ஏறிப் போக வேண்டும், ஒரு மீட்டருக்கு மேல், செங்குத்தாக. சோலியஸுக்குள்ளே அகலமான சிரைக் கிடங்குகள் இருக்கின்றன. நடக்கும்போது சதை சுருங்கி அவற்றைப் பிழிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது, சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடாமல் பிடிக்கின்றன. நடந்தால்தான் பம்ப் ஓடும். அசையாமல் நின்றால் ரத்தம் தேங்கும், சிரை விரியும், விரிந்த சிரையில் வால்வு இதழ்கள் ஒன்றோடொன்று சேராது, மேலும் தேங்கும்.

என் அக்கா பதினோரு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை. உட்கார ஸ்டூல் கிடையாது, சாய்ந்து நின்றாலே சூப்பர்வைசர் பார்ப்பாராம். ஆள் இல்லாத நேரத்தில் புடவை மடிக்கிற சாக்கில் கீழே குனிந்து காலை மடக்கி ஒரு நிமிஷம் உட்காருவோம் என்பாள். முப்பத்தெட்டு வயதில் இரண்டு காலிலும் சுருட்டிக்கொண்டது, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பு, ஒரு முறை புண். கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். அக்கா அதற்கு முன்னாலேயே வேலையை விட்டு நின்றுவிட்டாள். சட்டம் வந்தபோது அவளிடம் சொன்னேன், “நாற்காலி போடுவாங்க, உக்கார விடணுமே” என்றாள். இப்போது அவள் போட்டிருக்கும் இறுக்கமான சாக்ஸ் செய்வது சோலியஸின் வேலையில் ஒரு பங்கைத்தான், வெளியே இருந்து பிழிவது.

இரண்டாம் வாரம் மார்க்கர் பேனா காலின் முன்பக்கத்துக்கு வந்தது. முன்பக்கம் தடவினால் நேராக எலும்பு, மேலே சதையே கிடையாது, கட்டில் காலில் இடித்தால் உயிர் போவது அதனால்தான். டிபியா. லத்தீனில் ஊதுகுழல் என்று பொருள். அதற்கு வெளிப்பக்கம் ஒல்லியாக ஃபிபுலா, உடம்பின் எடையில் மிகச் சிறிய பங்குதான் அதன் மேல் இறங்குகிறது. ஃபிபுலா என்றால் துணியைச் சேர்த்துக் குத்தும் ஊசி. இரண்டு எலும்பையும் சேர்த்துப் பாருங்கள், அப்படியே ஒரு சேஃப்டி பின்.

முன்பக்க எலும்பை ஒட்டி இறங்குகிற டிபியாலிஸ் ஆன்டீரியர் பாதத்தைத் தூக்குகிறது. நடக்கும்போது பெருவிரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இடைவெளி, அதனால்தான் பிளாட்பாரத்தில் ஒரு கல் லேசாகத் தூக்கியிருந்தாலும் தடுக்குகிறது. இந்தச் சதைக்கு ஆணை கொண்டு வருகிற நரம்பு, இது நிஜமான நரம்பு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. விரலால் உருட்டிப் பார்க்கலாம். கால் மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால், குத்தவைத்துக்கொண்டே பல மணி நேரம் வேலை செய்தால், அல்லது இறுக்கமாக ஒரு மாவுக்கட்டு போட்டால்கூட அது நசுங்கிப் பாதம் தொங்கிவிடலாம். தொழுநோயும் இந்த நரம்பைத் தாக்கும். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் சி.எம்.சிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப் போன கைகளுக்கு நல்ல நிலையில் இருக்கும் சதையின் நாணை இடம் மாற்றித் தைத்துப் பெயர் பெற்றவர். தொங்கும் பாதத்துக்கும் அதே யுக்திதான். பாதத்தை உள்ளே திருப்பிக் கீழே அழுத்துகிற டிபியாலிஸ் போஸ்டீரியர் பின்பக்கம் சும்மா நல்ல நிலையில் இருக்கும், அதன் நாணை எடுத்து முன்பக்கம் கொண்டு வந்து தைத்துவிடுகிறார்கள். அழுத்திய சதை இனி தூக்க வேண்டும். மூளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சில வாரப் பயிற்சியில் அது கற்றுக்கொள்கிறது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது.

கணுக்கால் மூட்டைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். இரண்டு எலும்புகளின் கீழ்முனையும் சேர்ந்து கவிழ்த்த துளை மாதிரி ஒரு சட்டம், அதற்குள் நாக்கு மாதிரி டேலஸ் என்ற எலும்பு. நாம் கரண்டை என்று தொட்டுக் காட்டும் இரண்டு மொளிகளும் அந்தத் துளையின் இரண்டு சுவர்கள். டேலஸ் விசித்திரமான எலும்பு, ஒரு சதைகூட அதில் வந்து ஒட்டுவதில்லை. மேல்பக்கம் முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கிறது. பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி துளைக்குள் இறுகி மூட்டு ஆடாது. பாதத்தைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி வந்து லொடலொடக்கும். படியேறும்போது மடங்காத கால் படியிறங்கும்போதும் ஹை ஹீல்ஸிலும் மடங்குவது அங்கேதான். அதிலும் வெளிப்பக்க மொளி உள்பக்கத்தைவிடத் தாழ்வாக இருப்பதாலும், உள்பக்கம் பிடித்திருக்கும் லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைக் கட்டும் நார், தடியாக இருப்பதாலும், கால் பெரும்பாலும் உள்நோக்கியே மடியும், வெளிப்பக்கத்தில் முன்னால் இருக்கும் மெல்லிய லிகமென்ட்தான் முதலில் போகும். மொளியைத் தொட்டுக் காட்டி, அதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே வலிக்கிறது என்று சொல்பவர்களில் அநேகருக்கு அதுதான்.

குத்தவைத்து உட்காரும்போது டிபியாவின் முன் விளிம்பும் டேலஸின் கழுத்தும் வந்து முட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காக அப்படி உட்கார்ந்தால் இரண்டு எலும்பிலும் வழவழப்பான ஒரு சின்னத் தடம் விழுகிறது. லாகூரில் உடற்கூறியல் கற்பித்த ஹேவ்லாக் சார்லஸ் 1893இல் பஞ்சாபிகளின் கால் எலும்புகளில் இதைப் பற்றி எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து பழகிய ஐரோப்பியர்களின் எலும்பில் இது அபூர்வம். எலும்புக்கூட்டைப் பார்த்தே இவர் தரையில் உட்கார்ந்து வாழ்ந்தவர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். என் அப்பா எண்பது வயதில் திண்ணையோரம் குத்தவைத்துப் பேப்பர் படிப்பார், அவருக்குத் தடம் ஆழமாகவே இருக்கும். என் மகளுக்கு விழுமா என்று தெரியவில்லை, அவள் பள்ளியிலும் வீட்டிலும் வெஸ்டர்ன் டாய்லெட்தான்.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை, குதிகாலைத் தூக்குவதுதான். முதலில் உட்கார்ந்துகொண்டு, அது சோலியஸுக்கு. பிறகு நின்றுகொண்டு இரண்டு காலில், பிறகு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில், முழங்காலை நீட்டி ஒரு தொகுதி, கொஞ்சம் மடக்கி ஒரு தொகுதி. கேட்க லேசாக இருக்கும். அடிபட்ட காலில் முதல் ஒற்றைத் தூக்கலுக்கு எனக்கு ஐந்தரை வாரம் ஆனது. தூக்கினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, குதிகாலுக்கும் படிக்கும் நடுவில் ஒரு ஏடிஎம் கார்டு நுழையும். அந்தப் பெண் நிஜமாகவே கார்டை வைத்துப் பார்த்தார். பத்தாவது வாரம் இருபது எண்ணினேன். “இப்ப ஆடலாம் சார், ஆனா பத்து நிமிஷம் முன்னாடி வாங்க” என்றார். தொட்டால் அந்தப் பெருக்கல் குறி இருந்த இடத்தில் இப்போதும் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அது அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் காய்கறி மார்க்கெட்டில் எதிரே அந்தப் பெரியவர் வந்தார். என் நடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சந்தோஷமாக, “நரம்பு ஏறிக்கிருச்சு பாத்தியா தம்பி?” என்றார். காஸ்ட்ராக்னீமியஸ், உள்பக்க முட்டை, சோலியஸ், எல்லாம் தொண்டை வரை வந்தது.

“ஏறிக்கிருச்சுங்கய்யா” என்றேன்.